நாய்களைக் காட்டி அழ வைக்கும் வீடியோக்கள்: பணம் அனுப்பலாமா? வேறு எப்படி உதவலாம்?

இரவு பதினோரு மணிக்குப் படுக்கையில் ஃபோனைப் புரட்டும்போது ஒரு வீடியோ வருகிறது. சாக்கடை ஓரத்தில் எலும்பும் தோலுமாக ஒரு நாய், பின்னணியில் சோகமான பியானோ, 'இன்னும் நாலு மணி நேரம்தான், உங்களால் மட்டுமே காப்பாற்ற முடியும்' என்று எழுத்து. இரண்டு தடவை ஐந்நூறு ஐந்நூறாக அனுப்பினீர்கள். அந்த நாய்கள் என்ன ஆயின என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது அந்த மாதிரி வீடியோ வந்தாலே தள்ளிவிடுகிறீர்கள், தள்ளிவிட்ட பிறகு தூக்கம் வருவதில்லை. மூன்றாம் மாடியில் வாடகை வீடு, காலை எட்டுக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவது, நாய் வளர்க்க வழியில்லை. கீழே கேட் பக்கம் ஒரு வெள்ளைப் பெட்டை நாய் வருஷா வருஷம் குட்டி போடுகிறது, பாதிக் குட்டிகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'நான் ஏமாந்துவிட்டேனா?' என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எழுத்தில் எனக்குக் கேட்டது இந்தக் கேள்வி: இந்த மனசை எங்கே கொண்டுபோய் வைத்தால் நிஜமாகவே ஒரு நாயாவது பிழைக்கும்? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்நடை மருத்துவர். வேப்பேரி கல்லூரியில் படித்தேன். பதினேழு வருஷமாக நாய், பூனை வைத்தியம்தான் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு ஷெல்டரில் கருத்தடை ஆபரேஷன் செய்கிறேன். நடுவில் நாலு வருஷம் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தேன். வரவு செலவு நோட்டு என் கையில்தான் இருந்தது. அதனால் நாயின் உடம்பைப் பற்றியும், ஒரு ஷெல்டருக்குப் பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதைப் பற்றியும் பழக்கத்திலிருந்து பேச முடியும். விளம்பரம் மனித மனசை எப்படிப் பிடிக்கிறது என்பது என் படிப்பு இல்லை. அதில் ஆய்வாளர்கள் கண்டதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பணம் அனுப்பிய இரண்டு வீடியோக்களும் நிஜமா போலியா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பார்த்தாலும் பல சமயம் முடியாது.

இந்த வகை விளம்பரத்துக்கு ஒரு மூதாதை உண்டு. 1866இல் நியூயார்க்கில் தொடங்கிய ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு 2007இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடவிட்டது. கனடா நாட்டுப் பாடகி சாரா மெக்லாக்லனின் மெதுவான பாட்டு ஒலிக்கும்; கம்பிக்குப் பின்னாலிருந்து காயம்பட்ட நாய்களும் பூனைகளும் ஒவ்வொன்றாக நம்மைப் பார்க்கும்; பிறகு அவரே வந்து மாதம் 18 டாலர் கேட்பார். இரண்டு வருஷத்துக்குள் சுமார் மூன்று கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பாட்டு தொடங்கியதுமே சேனலை மாற்றியவர்களும் ஏராளம். மெக்லாக்லனே தன்னால் அதை உட்கார்ந்து பார்க்க முடியாது, மாற்றிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். ஆக, நீங்கள் வீடியோவைத் தள்ளிவிடுவதற்குக் கல்நெஞ்சு காரணமில்லை. அங்கே இன்னொரு குழப்பமும் நடந்தது. பணம் கொடுத்த பலர் அது தங்கள் ஊர் ஷெல்டருக்கே போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பெயரில் எஸ்.பி.சி.ஏ. என்று வைத்திருக்கும் ஊர் ஷெல்டர்கள் தனித்தனி அமைப்புகள். நியூயார்க் அமைப்பின் கிளைகள் அல்ல. நம் ஊரிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். டெல்லியிலோ மும்பையிலோ இருக்கும் பெரிய பெயருக்கு அனுப்பிய பணம் அங்குள்ள நாய்களுக்கு உதவலாம். உங்கள் கேட் பக்கத்து வெள்ளை நாய்க்கு வந்து சேராது.

அந்தக் கண்களைப் பற்றி ஒரு மருத்துவராகச் சொல்ல ஒன்று இருக்கிறது. நாய் உள்புருவத்தைத் தூக்கும்போது கண் பெரிதாகி, அழப்போகும் குழந்தையின் முகம் மாதிரி ஆகிவிடும். ஜூலியான் கமின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் புருவத்தைத் தூக்கும் தசை நாய்களிடம் நன்றாக வளர்ந்திருப்பதையும், ஓநாய்களிடம் அது மெல்லிய சில நார்களாகவே இருப்பதையும் அறுத்துப் பார்த்துக் காட்டினார்கள். 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, ஷெல்டரில் அடிக்கடி புருவம் தூக்கும் நாய்களை மக்கள் சீக்கிரம் தத்தெடுத்துப் போகிறார்கள் என்றது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து வந்த முகம் அது என்பதுதான் அவர்கள் கருத்து. எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அந்த முகத்தை வைத்து நாயின் வலியை அளக்க முடியாது என்பது. பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தும் அதே முகம்தான் வரும். நிஜமாக வலியில் இருக்கும் நாய் பெரும்பாலும் கேமராவைப் பார்ப்பதே இல்லை. மூலையில் முதுகைக் கூனி அசையாமல் கிடக்கும், சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், தொட்டால் உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். உங்களை அழ வைக்கும் முகமும் அவசரமாக வைத்தியம் தேவைப்படும் முகமும் பல நேரம் வேறு வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல், ஒன்றுக்கு உருகும் மனசு நூறுக்கு உருகாது என்பது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை நாய்களைக் கொண்டு சோதிக்கவில்லை, பசியில் வாடும் குழந்தைகளைப் பற்றிய கோரிக்கையைக் கொண்டு சோதித்தது. கையில் ஐந்து டாலர் வைத்திருந்தவர்களிடம் ஒரே ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் காட்டியபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தைக் காட்டியபோது 1.14 டாலர். சிறுமியோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கூடவில்லை, 1.43க்கு இறங்கிவிட்டது. நிதி திரட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு வரும் வீடியோவில் ஒரு நாய் மட்டும் இருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது.

எங்கள் ஷெல்டரில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஒரு முறை பின்னங்கால் இரண்டும் நசுங்கிய பழுப்புக் குட்டி ஒன்று வந்தது. தன்னார்வலர் ஒருவர் ஃபோனில் எடுத்துப் போட்ட வீடியோ பரவி, மூன்று நாளில் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்துவிட்டது. ஒரு காலை எடுத்து, இன்னொன்றுக்குக் கம்பி வைத்து, மருந்து, மறுபடி எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து ஆன செலவு 38,000 ரூபாய். அதே மாதம் மற்ற நூற்று நாற்பது நாய்களுக்கு அரிசியும் கோழிக்கழிவும் வாங்கிய கடையில் இரண்டு மாதப் பாக்கி நின்றது. கடைக்காரர் நல்ல மனிதர். நோட்டைத் திறந்து காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூட்டையை ஏற்றிவிடுவார். பணம் அனுப்பியவர்கள் 'அந்தக் குட்டிக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததால் அதை எடுத்து அரிசிக்குக் கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை, எடுப்பது முறையும் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டோம். முக்கால்வாசிப் பேர் 'தாராளமாக எடுத்துக்கோங்க டாக்டர்' என்றார்கள். அந்தக் குட்டி இன்று மூன்று காலோடு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே வாரம் வந்த இன்னொரு நாயை யாரும் படம் எடுக்கவில்லை. இனச்சேர்க்கையில் ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் கட்டி அதற்கு. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி புடைத்து, சொட்டுச் சொட்டாக ரத்தம். தெருநாய்களிடம் இது மிகவும் சாதாரணம். வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு ஊசி வீதம் நாலிலிருந்து ஆறு வாரம் போட்டால் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரைந்து போய்விடும். புற்றுநோய் வகைகளில் இவ்வளவு லேசாக, இவ்வளவு குறைந்த செலவில் குணமாவது வேறு அநேகமாக இல்லை. ஆனால் அந்த இடத்தைப் படம் பிடித்துப் போட யாருக்கும் கை வராது. போட்டாலும் யாரும் பகிர மாட்டார்கள். சொறி பிடித்து முடியெல்லாம் கொட்டிய கிழட்டு நாய், உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்துப் படுத்திருக்கும் நாய், பிடிக்க வந்தால் கடிக்கும் நாய் இவையெல்லாம் இதே கணக்குதான். படத்தில் அழகாக வராத நாய்களுக்குத்தான் உங்கள் ஐந்நூறு ரூபாய் அதிகம் தேவைப்படுகிறது.

ஏமாற்று விஷயத்துக்கு வருகிறேன். போலி மீட்பு வீடியோக்கள் இருக்கின்றன, அதில் சந்தேகமே வேண்டாம். ஆசிய நாடுகளின் விலங்கு நல அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று அவற்றைத் தேடித் தொகுத்து வெளியிட்டிருக்கிறது: குட்டியைப் பாம்பின் மேல் தாங்களே போட்டுவிட்டு 'காப்பாற்றுவது', ஒரே நாயைப் பல தடவை சேற்றில் இறக்கி எடுப்பது என்று. அங்கே துன்பமே கேமராவுக்காக உண்டாக்கப்படுகிறது. அதைப் பார்ப்பதும் பகிர்வதும்கூட அதற்கு வருமானம். அடையாளம் என்று நான் பார்ப்பது இவை. நாய் ஆபத்தில் மாட்டுவதற்கு முன்பே கேமரா நல்ல கோணத்தில் தயாராக நிற்கிறதா? ஊர் எது, எந்த மருத்துவர் பார்த்தார் என்று எங்காவது இருக்கிறதா? ஒரு மாதம் கழித்து அந்த நாய் எங்கே? படத்தை இணையத்தில் தேடினால் வேறு நாட்டில், வேறு பெயரில் வருகிறதா? பல வருஷம் பார்த்த பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று உண்டு: செத்துப்போன நாய்களைப் பற்றியும் எழுதுகிற அமைப்பு. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டிகளில் கணிசமானவை எவ்வளவு பாடுபட்டாலும் போய்விடும். தண்டுவடம் அறுந்த நாய் சிலவற்றை வலியில்லாமல் தூங்க வைப்பதுதான் அதற்குச் செய்யும் நன்மை. எல்லா நாயும் பிழைத்து, எல்லாக் கதையும் பந்தோடு விளையாடும் காட்சியில் முடிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் சொந்த ஜிபே எண்ணில் பணம் கேட்பதை மட்டும் வைத்து ஒருவரைத் திருடர் என்று சொல்லிவிடாதீர்கள். சென்னையில் தினமும் முப்பது நாற்பது தெருநாய்களுக்குச் சோறு வைத்து, அடிபட்டதை ஆட்டோவில் போட்டு என் கிளினிக்குக்குக் கொண்டுவரும் பெண்கள் பலர் பதிவு செய்த அமைப்பு எதிலும் இல்லை. ஒருவர் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். வாங்கும் சம்பளத்தில் பாதி நாய்க்குத்தான். நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்றிதழை அவரிடம் கேட்க முடியாது. இப்படிப்பட்டவர் பணம் கேட்டால் நான் சொல்லும் வழி, நாய் இருக்கும் கிளினிக்கின் பெயரைக் கேளுங்கள், அந்தக் கிளினிக்கை நீங்களே அழைத்து, இந்த நாயின் பில் எவ்வளவு பாக்கி என்று விசாரித்து அவர்கள் கணக்கிலேயே கட்டிவிடுங்கள். உண்மையானவர்கள் இதற்குச் சந்தோஷப்படுவார்கள். 'இல்லை, என் எண்ணுக்கே அனுப்புங்கள், இப்போதே அனுப்புங்கள்' என்று நெருக்குகிறவர்களிடம் நிறுத்திக்கொள்ளலாம். பதிவு பெற்ற அமைப்பென்றால் பதிவு எண், வருமான வரித் துறையின் 12ஏ பதிவு, 80ஜி, தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நிர்வாகக் குழுவில் இருந்தபோது கேட்டவர்களைத்தான் நான் அதிகம் மதித்தேன். 80ஜி ரசீதுக்கு வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே உண்டு என்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். இதையெல்லாம்விட நேரில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது மேல். முன்னறிவிப்போடு வரும் ஆளைக் கேட்டுக்குள் விடாத ஷெல்டருக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். உள்ளே போனால் சுவரில் தொங்கும் படங்களைப் பார்க்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் பாசி இருக்கிறதா, புதிதாக வந்த நாய்களைத் தனியாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பிடித்த ஓர் இடம் கிடைத்துவிட்டால், அழும்போது ஐயாயிரம் கொடுப்பதைவிட மாதம் முந்நூறு என்று வங்கியில் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள், 'எதற்கு வேண்டுமானாலும்' என்று எழுதிக் கொடுங்கள். மின்சார பில்லுக்கும் கூண்டு கழுவுகிற அண்ணனின் சம்பளத்துக்கும் யாரும் வீடியோ போட முடியாது. மாதாமாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒரு ஷெல்டர் இன்னும் எத்தனை நாயை ஏற்கலாம் என்று கணக்குப் போட முடியும்.

இப்போது உங்கள் வெள்ளை நாய். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். ஆரோக்கியமான பெட்டை வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு ஈற்று ஈனும், ஈற்றுக்கு நாலு, ஐந்து, ஆறு குட்டி. நீங்கள் வீடியோவில் பார்த்து அழுத அடிபட்ட குட்டி, அதற்கு ஆறு மாதம் முன்னால் யாரோ ஒருவர் தன் தெருப் பெட்டைக்கு ஆபரேஷன் செய்திருந்தால் பிறந்தே இருக்காது. நம் ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, 1964லேயே தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையை முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1990களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. பிறகு 2001இல் அது மத்திய அரசின் விதியாகவே வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2023ஆம் ஆண்டின் விதிகள். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு இட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், வெறிநோய் அறிகுறி உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றை ஊசியும் ஆபரேஷனும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. உணவு வைப்பதை அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும் செய்யச் சொன்னது. அந்த நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. உங்களுடையது சாதாரணக் குடியிருப்புத் தெரு என்பதால் ஆபரேஷன் முடிந்து அதே தெருவுக்கு வரும்.

கருத்தடை செய்தால் ஒரு தெருவில் குட்டிகள் குறையும் என்பது நிச்சயம். நானே பல தெருக்களில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய நகரம் முழுக்க எண்ணிக்கை எவ்வளவு வேகத்தில் குறையும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சென்னையில் 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் என்று வந்தது. ஒரு பகுதியின் பெரும்பாலான பெட்டைகளுக்கு ஒரே காலத்தில் செய்யாமல் அங்கொன்று இங்கொன்றாகச் செய்தால் பலன் தெரியாது. வெறிநோயில் கணக்கு இன்னும் தெளிவு: ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். ஊசி ஒன்றின் செலவு சில நூறு ரூபாய். உங்கள் தெருவில் பத்து நாய் இருந்தால் ஏழெட்டு நாய்க்கு ஊசி போடும் செலவை நாலு வீடு பகிர்ந்துகொள்ளலாம். நாயைக் கண்டால் ஆகாது என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர்கூட இதற்குப் பணம் தருவார், நான் பார்த்திருக்கிறேன்.

நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். தாய் பக்கத்தில் இல்லை என்று குட்டிகளை அட்டைப் பெட்டியில் அள்ளி ஷெல்டர் வாசலில் வைத்துவிட்டுப் போவது. தாய் இரை தேடப் போயிருக்கும். ஓரிரண்டு மணி நேரத்தில் வரும். ஷெல்டருக்கு வந்த ஊசி போடாத குட்டிகள் ஒரு வாரத்தில் பார்வோவிலோ டிஸ்டம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயிலோ விழுவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். நாய்க்கூட்டம் இருக்கும் எந்த இடமும், எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், குட்டிக்கு ஆபத்தான இடம். தாயோடு விட்டுவைத்து, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, நேராக வீடுகளுக்குக் கொடுப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

ஷெல்டர்களுக்குப் பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது தற்காலிக வீடு. ஆபரேஷன் முடிந்த நாய்க்குப் பத்து நாள், மருந்து கொடுக்க வேண்டிய குட்டிக்கு மூன்று வாரம் ஒரு பால்கனியோ குளியலறையோ போதும். உங்கள் வேலை நேரத்துக்கு இது இப்போது சரிவராது. ஆனால் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தோழி யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். என் மனைவியும் நானும் இப்படி எடுத்து வந்த கருப்பு நாய் ஒன்று முதல் இரண்டு நாள் கட்டிலுக்கடியை விட்டு வெளியே வரவில்லை. தட்டை உள்ளே தள்ளிவிட்டு நாங்கள் அடுத்த அறைக்குப் போனால்தான் சாப்பிடும். மூன்றாம் நாள் இரவு சமையலறையில் என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பின்னால் நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ஒரு துண்டுத் தேங்காயைப் பின்பக்கமாக நீட்டினாள். மூக்கின் ஈரம் விரலில் பட்டது. கூண்டில் இருந்திருந்தால் அந்த நாய் மனிதக் கையை நம்ப இன்னும் பல மாதம் ஆகியிருக்கும்.

தத்துக் கொடுப்பதிலும் விளம்பரத்துக்கு ஒரு பங்குண்டு, இரண்டு பக்கமும் வெட்டும் பங்கு. 2003இல் ஹட்ச் செல்ஃபோன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போன பக் நாயை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு நாடு முழுவதும் பக் வாங்கும் ஆசை கிளம்பியது. நசுங்கின மூக்கோடு சென்னை வெயிலில் மூச்சுவிட முடியாமல் நாக்கு நீலம்பாரித்து வரும் பக் நாய்களை இன்றும் பார்க்கிறேன். வைத்தியச் செலவு தாளாமல் விட்டுவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு விளம்பர வாசகம் உண்டு. 'நாய் கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல, வாழ்நாளுக்கும்' என்று இன்று டாக்ஸ் ட்ரஸ்ட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு 1978இல் சொன்னது. பணம் கேட்கவில்லை, வாங்குவதற்கு முன் யோசிக்கச் சொன்னது. இந்த மாதிரி விளம்பரம் தமிழில் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் நன்றாகப் படம் எடுப்பவரென்றால் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒரு ஷெல்டருக்குப் போய், நாய்களைக் குளிப்பாட்டி, வெயிலில் உட்காரவைத்து, கூண்டுக் கம்பி தெரியாமல் படம் எடுத்துக் கொடுங்கள். குழந்தைகளோடு எப்படி, பூனையோடு எப்படி, தனியாக இருக்குமா என்று இரண்டு வரி உண்மையாக எழுதுங்கள். பரிதாபத்தில் எடுத்துப் போன நாய் திரும்பி வருவதும், பிடித்துப்போய் எடுத்த நாய் அந்த வீட்டிலேயே தங்குவதும் என் அனுபவத்தில் வழக்கம். இதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை, பார்த்த பழக்கம் மட்டும்தான்.

தெருவில் அடிபட்ட நாயைக் கண்டால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். நேராக முகத்தருகே குனியாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். துப்பட்டாவால் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, மூச்சுத் திணறும் நாயென்றால் கட்டாமல், ஒரு பலகை அல்லது அட்டையில் சரித்துத் தூக்குங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962, சென்னை மாநகராட்சிக்கு 1913. புழு வைத்த புண் என்றால் பெட்ரோல், பினாயில் எதையும் ஊற்றாதீர்கள், சதை வெந்துவிடும். நாங்கள் டர்பன்டைன் எண்ணெய் நனைத்த பஞ்சை வைத்துக் காத்திருப்போம், மூச்சுமுட்டி ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டும், இடுக்கியால் எடுப்போம். ஒரு காதிலிருந்தே நூற்றுக்கு மேல் எடுத்த நாட்கள் உண்டு. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் திரும்பப் பார்த்தாக வேண்டும். பார்க்கக் கொடுமையான புண்தான், ஆனால் நேரத்துக்கு வந்தால் நன்றாக ஆறும் புண். உங்களை ஒரு கீறல் கீறினாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். வெறிநோய் அறிகுறி தொடங்கிய பிறகு அநேகமாக யாரும் பிழைத்ததில்லை. அடிக்கடி நாய்களைத் தொடப் போகிறீர்களென்றால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உண்டு. என் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

அந்த ஆயிரம் ரூபாய் போலிக்குப் போயிருக்கலாம், ஒரு நாயின் டிரிப்ஸ் பாட்டிலாகவும் ஆகியிருக்கலாம். அனுப்பிய இடத்துக்கு இன்று ஒரு செய்தி போட்டு, 'அந்த நாய் எப்படி இருக்கிறது, பில் ஒன்று அனுப்ப முடியுமா' என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தைப் பின்தொடர வேண்டாம். தூக்கத்தைக் கெடுக்கும் வீடியோக்களையும் நிறுத்திவிடுங்கள். அவற்றைப் பார்த்துத்தான் இரக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்று யாருக்கும் நீங்கள் கடன்படவில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்குக் கிளம்பும்போது கேட் பக்கம் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். வெள்ளை நாயின் காது நுனியில் வெட்டு இருக்கிறதா, மடி தொங்குகிறதா, குட்டி இருந்தால் கண் திறந்துவிட்டதா, தள்ளாடி நடக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். பால் கொடுக்கும் தாயைப் பிடிக்கக் கூடாது. குட்டிகள் பால் மறந்த பிறகு எந்த வாரம் ஆபரேஷனுக்கு எழுதி வைக்கலாம், அதுவரை குட்டிகளைத் தெருவின் எந்தப் பக்கம் வைத்தால் வண்டியிலிருந்து தப்பும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.